சேலத்தில் முதல் கேமிங் பிசி: பார்ட்ஸ் எடுக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கையில் 50 முதல் 70 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இதுவரை ஒரு கேபினட்டைக் கூடத் திறந்ததில்லை. 1080பி மானிட்டரில் நிம்மதியாக கேம் ஆட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கான பக்கம் இது. பார்ட்ஸ் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்லியிருக்கிறோம்.

மொத்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் நான்குக்கும் முதலில் தனியே எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் டவருக்கே (கேபினட்டும் உள்ளே இருக்கும் பார்ட்ஸும்) கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் ஹாலில் இருக்கும் டிவியில் செருகி ஆடுகிறவர்கள் நிறைய.

மீதியை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 38, பிராசசருக்கு 16, ரேமுக்கு 13, மதர்போர்டுக்கு 12, கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிக்கு 8, எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 7, கேபினட்டுக்கு 6. இதில் ரேமின் பங்குதான் இப்போது பிடிகொடுக்காமல் நிற்கிறது. மெமரி சிப்புகள் ஏஐ சர்வர்களுக்குப் போகத் தொடங்கியதும் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. அப்படி ஏறும்போது கிராபிக்ஸ் கார்டிலோ பிராசசரிலோ ஒரு படி இறங்கிச் சரிக்கட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்க வேண்டாம்.

அப்படியானால் எதில்தான் மிச்சம் பிடிப்பது?

பிறகு ஐந்து நிமிடத்தில் மாற்றவோ சேர்க்கவோ முடிகிற எதிலும் மிச்சம் பிடிக்கலாம். எஸ்எஸ்டியை 500 ஜிபியோடு நிறுத்தி, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஆர்ஜிபி விளக்கு, தண்ணீர் கூலர், வைஃபை வைத்த மதர்போர்டு எதுவும் முதல் நாளே வேண்டியதில்லை. பிராசசரோடு பெட்டியில் வரும் கூலரே 65 வாட் பிராசசருக்குப் போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினட்டும் வேறு கணக்கு. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதென்றால் எல்லா வயரையும் பிடுங்க வேண்டும். கேபினட்டை மாற்றுவதென்றால் பிசியையே திரும்பக் கட்ட வேண்டும். கடையில் எல்லோரும் பேரம் பேசிக் குறைப்பதோ சரியாக இந்த இரண்டில்தான்.

கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்த்தே தருகிறார்கள். எடுக்கலாமா?

ஆபீஸ் பிசிக்கு என்றால் சரி. கிராபிக்ஸ் கார்டு போடுகிற பிசிக்கு வேண்டாம். காரணத்தை அதன் ஸ்டிக்கரிலேயே படிக்கலாம்.

பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். ஸ்டிக்கரில் சின்னக் கட்டங்கள் இருக்கும். அதில் +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த லைனில்தான். ‘500 வாட்’ என்று போட்ட மலிவுப் பெட்டியில் அந்த இடத்தில் 18 ஆம்பியர் இருந்தால், 12 × 18 = 216 வாட். அதன் உண்மையான பலம் அவ்வளவுதான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 36 ஆம்பியர் இருக்கும், அதாவது 432 வாட். எழுதிய வாட்டும் 12 வோல்ட் கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் மட்டும் எடுங்கள்.

ஒரு பிசிக்கு எவ்வளவு வேண்டும்? ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், ரைசன் 5 5600 அதிகபட்சம் 76 வாட், போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 260 வாட் சுமார். நாளைக்கு ஒரு படி பெரிய கார்டு போடவும் இடம் விட்டு, 80 பிளஸ் பிராண்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான சான்று) தரத்தில் 550 வாட் எடுத்தால் போதும். 750 வாட் எடுத்து வைப்பதால் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) ஒன்று கூட ஏறாது.

கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். அது இல்லாத பெட்டிக்கு ‘கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்’ என்று கடைக்காரர் பழைய நாலு பின் மோலெக்ஸ் வயரை நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 8 பின் கனெக்டர் வழியாகக் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். மெல்லிய மோலெக்ஸ் வயர் அந்தச் சுமையில் சூடேறி, பிளாஸ்டிக் இளகிவிடும்.

எங்கள் வீட்டோடு ஒட்டித் தறிப்பட்டறை. தறி போட்டால் லைட் மங்குகிறது. பிசி தாங்குமா?

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் இருப்பவர்கள் பிராசசரைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதே லைனில் இருக்கிற உங்கள் பிளக்கில் அப்போது வோல்டேஜ் இறங்கும்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். பட்ஜெட் மாடல்கள் பலவற்றில் 200–240 வோல்ட் என்று இருக்கும். அப்படிப்பட்டதில் 180க்கு இறங்கினால் பிசி அணைந்து தானே ரீஸ்டார்ட் ஆகும். ஆளோ கேமைத் திட்டுவார், பிறகு ரேமைத் திட்டுவார், விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போடுவார். ‘100–240 வோல்ட், ஆக்டிவ் பிஎஃப்சி’ (கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) என்று இருப்பதை எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆனாலும் லோ வோல்டேஜில் ஓடுவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சும்மா இல்லை. உள்ளே 260 வாட் வேண்டும் என்றால் சுவரிலிருந்து சுமார் 306 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 1.3 ஆம்பியர். 170 வோல்ட்டில் 1.8 ஆம்பியர். வோல்டேஜ் குறையக் குறையக் கரண்ட் கூடும், சூடும் கூடும். ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சரிசெய்யும் அமைப்பு) உள்ள யுபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்தால் அது வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும்.

பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் எலெக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுத்தால் எர்த் இல்லை என்று பொருள். மூணு பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஆடுகிற வீட்டிலும் இதே கதைதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. யுபிஎஸ் தனியாக வேண்டுமா?

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கரண்ட் எப்போது போகும் என்று முன்பே தெரியும், அன்றைக்கு யாரும் ஏமாறுவதில்லை. கோடை மழையோடு இரண்டு நொடிக்கு ஒரு முறை போய் வரும் கரண்ட்தான் தொல்லை.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முன்பக்கம் ‘யுபிஎஸ்’, ‘இகோ’ அல்லது ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தன்னிடம் உள்ள சேமிப்பில் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடி. நார்மல் மோடில் மாறுவதற்கு 30, 40 மில்லி விநாடி கூட ஆகலாம், அதற்குள் பிசி செத்துவிடும். யுபிஎஸ் மோடில் மாற்றம் வேகமாக நடக்கும். அதோடு இன்வெர்ட்டர் சைன் வேவாக, அதாவது மின்வாரியக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தருவதாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் ஒத்துப்போவது நிச்சயமில்லை.

தனி யுபிஎஸ் எடுப்பதென்றால் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். மேலே சொன்ன பிசியும் ஒரு மானிட்டரும் சேர்ந்து அதன் விளிம்பைத் தொடும். 1000 விஏ எடுங்கள். எதை எடுத்தாலும் அது தருவது ஐந்து பத்து நிமிடம். சேவ் செய்து அணைக்கத்தான், மேட்சை முடிக்க அல்ல.

பிராசசர் எது?

இந்தப் பட்ஜெட்டில் 6 கோர், 12 திரெட் இருந்தால் போதும். பழைய மேடையில் (பிராசசர் உட்காரும் சாக்கெட், அதற்கேற்ற போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்தது மேடை) ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப். இரண்டில் எது போர்டோடு சேர்த்து அன்றைக்கு விலை குறைவோ அதை எடுங்கள், ஆட்டத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் இறங்க வேண்டுமென்றால் ஐ3 12100எஃப், 4 கோர். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஓடும். பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்களில் திணறும்.

ரைசன் 5 5500 என்ற மலிவு மாடலும் உண்டு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான கேஷ் 5600இல் 32 எம்பி, இதில் 16 எம்பிதான். கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியும் பழைய 3.0 மட்டுமே. விலை வித்தியாசம் ஆயிரத்துக்குள் என்றால் 5600க்கே போங்கள்.

ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 மேடைக்குத் தாவினால் ரைசன் 5 7500எஃப், 7600 போன்றவை கிடைக்கும். 2027 வரையாவது இந்த சாக்கெட்டுக்குப் புது பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதற்கு வேண்டிய புது வகை டிடிஆர்5 ரேமும் போர்டும் விலை கூட என்பதால், கிராபிக்ஸ் கார்டை ஒரு படி இறக்கித்தான் 60 ஆயிரத்துக்குள் அதை முடிக்க முடியும். மூன்று வருடத்தில் பிராசசர் மட்டும் மாற்றும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் செய்யலாம். பெரும்பாலோர் மாற்றுவதில்லை.

இன்டெல்லில் கடைசி எழுத்து ‘எஃப்’ என்றால் உள்ளே டிஸ்ப்ளே கிடையாது. ரைசன் 5600க்கும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இவற்றில் படம் வராது.

இப்போதைக்கு 5600ஜி போட்டு, கார்டு பிறகு வாங்கலாமா?

காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதமாக இருந்தால் இது நல்ல வழிதான். 5600ஜியின் உள் கிராபிக்ஸில் வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்ஸைக் குறைத்து ஆடலாம். ஆனால் ரேம் இரண்டு குச்சியாகப் போட வேண்டும். உள் கிராபிக்ஸ் ரேமையே தன் மெமரியாகப் பயன்படுத்துவதால், ஒற்றைக் குச்சியில் வேகம் வெகுவாக விழும். எஸ்எம்பிஎஸ் மட்டும் இப்போதே 550 வாட் எடுத்துவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு: எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது?

1080பிக்கு ஆர்எக்ஸ் 6600 நீண்ட நாளாகப் பட்ஜெட்டுக்கு ஏற்ற நடுத்தரத் தேர்வு. அதற்கு மேலே ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060. மூன்றும் 8 ஜிபி. புதுக் கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பி, படம் இழுத்து இழுத்து ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் தீர்ந்தது. அது பிடிக்காதவர்கள் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580 பார்க்கலாம். அதற்கு 190 வாட் வேண்டும், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்டும் வசதி) இயக்கியிருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய போர்டில் ஆர்க்கைப் போடாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு விற்கிறார்கள். 6 ஜிபி மாடல் மெமரி மட்டும் குறைந்த அதே கார்டு அல்ல, சிப்பே பலம் குறைந்தது. 70 வாட்தான் என்பதால் தனி பவர் வயர் வேண்டாம். பழைய ஆபீஸ் பிசியில் போட அருமை, புது பிசிக்கு வீண். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் பிசிஐஇ லேன் (போர்டோடு பேசும் தடம்) நான்கே உள்ளது, பிசிஐஇ 3.0 போர்டில் அதன் வேகம் வெகுவாக அடிவாங்கும். ஜிடி 710, ஜிடி 730 இரண்டும் கேமிங் கார்டே அல்ல. ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று சொல்லி இவற்றை இன்னும் தள்ளிவிடுகிறார்கள்.

மதர்போர்டில் என்ன பார்ப்பது?

ரைசன் 5600க்கு பி450 அல்லது பி550, இன்டெல்லுக்கு எச்610 அல்லது பி760. எச்610இல் ரேம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான். 8 ஜிபி இரண்டைப் போட்டுவிட்டால் பிறகு இரண்டையும் கழற்றித்தான் ஏற்ற முடியும். இன்டெல் போர்டில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தனித்தனி மாடல்கள் ஏறக்குறைய ஒரே பெயரில் வரும். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ரேம் எடுங்கள். ஒன்றின் குச்சி இன்னொன்றின் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

கடையில் பல மாதம் கிடந்த பழைய போர்டில் பயாஸ் பழசாக இருந்தால் புது பிராசசரை அது அடையாளம் காணாது. ‘இந்தப் பிராசசருக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கா?’ என்று கேட்டு, கடையிலேயே ஏற்றி வாங்குங்கள்.

ரேம் 16 ஜிபி ஒரே குச்சியா, 8 ஜிபி இரண்டா?

இரண்டு. பிராசசர் இரண்டு வழியாக ஒரே நேரத்தில் படிக்கும். ஒற்றைக் குச்சியில் ஒரு வழி சும்மா கிடக்கும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். முதல் இரண்டில் அடுத்தடுத்து போட்டால் பிசி ஓடும், ஆனால் ஒற்றைக் குச்சி போலவே ஓடும்.

டிடிஆர்4இல் 3200 போதும். போட்ட பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2133 அல்லது 2400இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வருடக்கணக்கில் இப்படி ஓடும் பிசிகள் ஊரில் ஏராளம்.

எஸ்எஸ்டி?

எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும் சின்னப் பட்டை) வடிவத்தில் வேகமான என்விஎம்இ வகை, 1 டிபி முடிந்தால், இல்லையென்றால் 500 ஜிபி. எம்.2 வடிவத்திலேயே பழைய சாட்டா வகையும் உண்டு, பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேகம் பல மடங்கு குறைவு. போர்டோடு வரும் அந்தக் கடுகளவு எம்.2 ஸ்க்ரூவைப் பத்திரமாக வையுங்கள்.

சேலம் வெயிலுக்கு எந்தக் கேபினட்?

வீடியோவில் ‘70 டிகிரிதான்’ என்று காட்டுகிறவர்கள் 24 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை மதியம் 36 டிகிரியை எட்டும். கூலர் அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறையில் ஏறிய 12 டிகிரியும் அப்படியே பிராசசரிலும் கார்டிலும் ஏறும். அங்கே 70 காட்டியது இங்கே 82.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் ஷோரூமில் கண்ணைப் பறிக்கும், காற்றை உள்ளே விடாது. முன்பக்கம் ஜல்லடை போல மெஷ் உள்ளதை எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. ஃபேனின் கம்பிச் சட்டம் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். திசை மாற்றிப் போட்டுவிட்டால் எத்தனை ஃபேன் இருந்தும் பயனில்லை.

மெஷ் என்றால் தூசி வரும். தறி இருக்கும் தெருவில் வருவது சாதாரணத் தூசி அல்ல, பஞ்சு. அது ஃபில்டரில் கம்பளி மாதிரிப் படிந்து, காற்றை அடைத்துவிடும். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் மாவு போன்ற வெள்ளைத் தூசி. மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே ப்ளோயர் பிடியுங்கள். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

ஏற்காட்டில் வீடு. அங்கே வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

வெயில் கவலை இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் சாதாரணக் கூலரே ஜம்மென்று வேலை செய்யும். அங்கே எதிரி ஈரம். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் அறைக்குள் வந்து போகும். வாரக்கணக்கில் அணைத்து வைத்த பிசியில் ரேமின் முனைகள், யுஎஸ்பி துளைகள் பச்சை பிடிக்கும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டினால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். சுவரை ஒட்டித் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டுமல்ல, நெட் வயரையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து போர்டைப் பதம் பார்க்கும்.

சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுபோவதென்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தக் கனம் ஒற்றை ஸ்லாட்டில் தொங்கி ஆடினால் ஸ்லாட் விரிந்துவிடும். டவரைக் கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி சீட்டில் படுக்க வையுங்கள். மேலேயிருந்து கீழே கொண்டுவரும்போது இன்னொன்று: குளிர்ந்த பிசி சேலத்துச் சூட்டுக் காற்றைத் தொட்டால் உள்ளே வேர்க்கும். இரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

ஐந்து ரோட்டுக் கடையிலா, பெங்களூரு எஸ்பி ரோட்டிலா, ஆன்லைனிலா?

விலை எஸ்பி ரோட்டிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் குறைவாக இருக்கும். ஆனால் ஒரு பார்ட் செத்துப் பிறந்திருந்தால் அதை மாற்ற 200 கிலோமீட்டராவது திரும்பப் போக வேண்டும். நடைமுறையில் சரிப்படுவது இது: கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், ரேம் எங்கே மலிவோ அங்கே. மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ளூரில். அதிகம் தகராறு செய்பவை இந்த இரண்டும்தான். உள்ளூர்க் கடையில் ‘ஆன்லைன்ல இவ்வளவுண்ணா, நீங்க எவ்வளவு போடுவீங்க?’ என்று நேராகவே கேட்கலாம், பாதித் தூரம் இறங்கி வருவார்கள்.

‘பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்’ என்பதற்கு மட்டும் மயங்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். மூன்று வருட வாரன்டி அந்தப் பில்லில்தான் இருக்கிறது. பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். ஆன்லைன் பார்சலை சீல் உடைக்கும் முன்னிருந்து வீடியோ எடுங்கள்.

‘ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி, வெறும் 15 ஆயிரம்’ என்கிறார்களே?

எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் 2600, 3770 போன்றவை, 2011, 2012இல் வந்தவை. இன்றைய 12100எஃப் ஐ3 அவற்றைச் சுலபமாக முந்தும். விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏறும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதென்றால் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் 20 நிமிடம் ஓட வேண்டும். படத்தில் புள்ளி, கோடு வந்தால் வேண்டாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பெயரைச் சரிபாருங்கள். ‘ஆர்எக்ஸ் 580’ என்று விற்பதில் 2048 ஷேடர் (படக் கணக்குப் போடும் சின்ன அலகு) காட்டினால் அது உண்மையில் ஆர்எக்ஸ் 570க்குச் சமம். அசல் 580இல் 2304.

நானே அசெம்பிள் செய்ய முடியுமா?

முடியும். காந்தம் உள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், நாலு மணி நேரம். ஃபேனை அணைத்துவிட்டு உட்காருங்கள், ஸ்க்ரூ பறக்காது. தொடங்கும் முன் கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொடுங்கள், உடம்பில் உள்ள ஸ்டேட்டிக் மின்சாரம் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் போட்டுவிட்டு ஆன் செய்யாதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலேயே போர்டை வைத்து, பிராசசர், கூலர், ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். படம் வந்தால் பிறகு உள்ளே மாற்றுங்கள்.

ஏஎம்4 (ரைசன் 5600 உட்காரும் சாக்கெட்) பிராசசரின் மூலையில் ஒரு தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பிராசசர் தன் கனத்திலேயே உட்காரும். அழுத்தினால் பின் வளையும். இன்டெல்லில் பின் போர்டில் இருக்கிறது. சாக்கெட் மேல் விரல் படவே கூடாது, பின் வளைந்தால் வாரன்டி இல்லை. பெட்டிக் கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலும் வைக்க வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இருமுறை பாருங்கள். இன்டெல் பெட்டிக் கூலரின் நாலு பிளாஸ்டிக் ஆணிகளையும் எதிரெதிர் மூலையாக, ‘டக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். ஒன்று சரியாக இறங்காவிட்டால் ஆன் செய்த இரண்டு நிமிடத்தில் 100 டிகிரி.

கேபினட்டுக்குள் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் போர்டின் ஓட்டைக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

எல்லாம் போட்டாச்சு, ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை!

முதலில் மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? கார்டில் இருக்க வேண்டும். பிறகு பிராசசருக்கான 8 பின் வயர். போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும், கேபினட்டுக்குள் போட்ட பிறகு கண்ணில் படாது. பலரும் மறப்பது இதைத்தான். அதன் பிறகு ரேம்: கழற்றி, இரண்டு முனையும் ‘டக்’ என்று விழும் வரை அழுத்துங்கள். ஒரு குச்சியோடு மட்டும் முயலுங்கள். டிடிஆர்5 போர்டு என்றால் முதல் முறை ரேமைப் பழகிக்கொள்ளவே பல நிமிடம் எடுக்கும். பத்து நிமிடமாவது கறுப்புத் திரையோடு பொறுத்திருங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

வாலரன்ட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும். பயாஸில் டிபிஎம் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இன்டெல்லில் பிடிடி என்றும் இருக்கும். பழைய முறையில் பூட் செய்யும் சிஎஸ்எம்மை அணைத்துவிட்டு செக்யூர் பூட்டை இயக்குங்கள். அதற்குப் பிறகு விண்டோஸே ஏறவில்லை என்றால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. புது முறையான ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். கடைக்காரர் பழைய பென்டிரைவில் விண்டோஸ் போட்டுத் தந்த பிசிகளில் இது சகஜம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஆடும்போது மானிட்டரோடு சேர்த்து 330 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் ஒரு நாளைக்கு சுமார் ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடி 450 யூனிட் பக்கம் நிற்கிற வீடாக இருந்தால் கவனம்: 500 தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். கேமில் எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் ஹெர்ட்ஸ் அளவுக்குக் கட்டிவைத்தால் கார்டு வீணாக 200, 300 எஃப்பிஎஸ் ஓட்டாது. 100 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 100 போதும். யூனிட் குறையும், மே மாதத்து அறையில் சூடும் குறையும்.